உச்சிப்புளி மணலில் ஆப்கான் பைன்: மூன்று ஆண்டுகள் வளர்த்த பின் எழுதும் மதிப்புரை

2022-ஆம் ஆண்டு ஆவணி மாதக் கடைசியில், இணையம் வழியாகச் செடிகள் விற்கும் வெளிமாநிலப் பண்ணை ஒன்றிலிருந்து 12 ஆப்கான் பைன் கன்றுகளை வாங்கினேன். கன்று ஒன்று 450 ரூபாய். கூரியர் செலவு தனி. உச்சிப்புளிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உள்ளே எங்களுக்கு 70 சென்ட் மணல் நிலம் இருக்கிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரை ஓயாமல் வீசும் கச்சான் காற்று அங்கே நட்ட மாங்கன்றுகளையும் கொய்யாவையும் நிமிரவே விடுவதில்லை என்பதால், தென்மேற்கு எல்லையில் ஒரு மரவரிசை தேவைப்பட்டது. "பாலைவனத்திலும் செழிக்கும், ஆண்டுக்கு மூன்றடி வளரும், வேர் பிடித்த பிறகு தண்ணீரே தேவையில்லை" என்ற விற்பனைக் குறிப்பைப் படித்ததும், வறட்சி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத இராமநாதபுரத்து மண்ணுக்கென்றே பிறந்த மரம் இது என்று நம்பிவிட்டேன். அந்த 12 கன்றுகளில் இன்று உயிரோடு நிற்பவை மூன்று. இதே நம்பிக்கையில் வாங்க நினைக்கும் கடலோர மாவட்டத்துக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால், நடந்ததை முறையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் மரத்தைப் பற்றி. தாவரவியலில் பைனஸ் புரூட்டியா இனத்தின் எல்டாரிக்கா வகை என்று இதற்குப் பெயர். பெயரில் ஆப்கானிஸ்தான் இருந்தாலும் இதன் இயல்பான பிறப்பிடம் அஜர்பைஜானில், ஜார்ஜிய எல்லையை ஒட்டிய எல்டார் என்னும் வறண்ட மேட்டுநிலம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானின் குவெட்டா பகுதியிலும் நெடுங்காலமாக நட்டு வளர்க்கப்பட்டதால் அந்த ஊர்களின் பெயர்களையே இது ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ் போன்ற வறண்ட பகுதிகளுக்குச் சென்று, அங்கே காற்றுத்தடுப்பு வரிசையாகவும் கிறிஸ்துமஸ் மரமாகவும் பெருமளவில் வளர்க்கப்படுகிறது. ஊசியிலைகள் இரண்டிரண்டாக ஒரே உறைக்குள்ளிருந்து புறப்படும். பெரும்பாலான பைன்கள் புளிப்பு மண்ணை விரும்ப, இது சுண்ணாம்பு கலந்த கார மண்ணையும் தாங்கிக்கொள்ளும். கிளிஞ்சல் தூள் கலந்த எங்கள் கடலோர மணலுக்கு இந்தக் குணம் பொருந்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே பண்ணைக்காரர்கள் இல்லாத ஒன்றை விற்றுவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மரம் உண்மையானது, அதன் வறட்சி தாங்கும் திறனும் உண்மையானது.

கன்றுகள் வந்து சேர்ந்த விதத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓரடி உயரம். வேர்கள் சுருண்டு கொள்ளாதபடி நீண்ட குழல் தட்டுகளில் வளர்க்கப்பட்டு, தேங்காய் நார்க்கழிவு ஈரத்தோடு கட்டப்பட்டிருந்தன. ஐந்து நாள் பயணத்துக்குப் பிறகும் ஒரே ஒரு கன்றுக்குத்தான் நுனி ஒடிந்திருந்தது. பொதி கட்டுவதில் அவர்கள் காட்டிய இந்த அக்கறையில் பாதியையாவது, இந்த மரம் எந்த ஊருக்குப் பொருந்தும் என்று வாங்குபவருக்குச் சொல்வதில் காட்டியிருக்கலாம்.

எங்கள் பக்கம் எந்த மரத்தையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நடுவதுதான் வழக்கம். அப்படியே புரட்டாசி முதல் வாரத்தில், பத்தடிக்கு ஒன்றாக எல்லையோரம் நட்டேன். நான் கவனிக்கத் தவறிய ஒன்று அங்கே இருந்தது. நிலத்தின் மேற்குக் கோடி மணல்மேடு. கிழக்கே வர வர நிலம் தாழ்ந்து, பழைய ஊற்றுக்குழி ஒன்று இருந்த பள்ளத்தில் போய் முடிகிறது. மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லியதொரு நன்னீர்ப் படலம் மிதப்பதால்தான் எங்கள் கடற்கரையில் கையால் தோண்டிய ஊற்றுகளில் குடிநீர் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஊன்றிப் பெய்யும்போது அந்த நீர்மட்டம் மேலேறி, பள்ளமான இடங்களில் ஒரு முழத்துக்குள் வந்துவிடும். அந்த ஆண்டும் அப்படியே வந்தது. தாழ்ந்த பக்கத்தில் நின்ற நான்கு கன்றுகளின் ஊசிகள் முதலில் வெளிர் பச்சையாகி, பிறகு அடியிலிருந்து பழுத்து, மார்கழி பிறப்பதற்குள் முழுதும் செம்பட்டையாகிவிட்டன. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர்த்தோல் விரலோடு கழன்று வந்தது.

ஊசி வாடியதைக் கண்ட நான் தண்ணீர் போதவில்லை போலும் என்று எண்ணி, மழை விட்ட நாட்களில் குடம் குடமாக ஊற்றியிருந்தேன். பக்கத்துத் தோப்பில் பனையேறும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தாகத்துல சாகல, காலு நனைஞ்சு சாகுது, ஊத்துறத நிப்பாட்டுங்க" என்றார். பைன் மரத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் நோயின் காரணத்தை அவர்தான் சரியாகக் கண்டார்.

அதன் பிறகுதான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். குவெட்டாவின் ஆண்டு மழை 250 மில்லிமீட்டரை ஒட்டியது. இதன் நெருங்கிய உறவான அலெப்போ பைனைக் கொண்டு இஸ்ரேலில் நெகேவ் பாலைவன விளிம்பில் 1964 முதல் வளர்த்த யத்தீர் காட்டுக்கும் 280 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிய இராமநாதபுரத்துக்கோ சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அதில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடுவதாலும், மீதி மாதங்களில் வெயிலும் காற்றும் நிலத்தை உறிஞ்சுவதாலும்தான் நாம் வறட்சியில் வாடுகிறோமே தவிர, வானம் நமக்குத் தருவது அந்தப் பாலைவனங்களைவிட மூன்று மடங்கு. குவெட்டா கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கிறது, குளிர்காலத்தில் பனி விழும், காற்று உலர்ந்தது. எங்கள் ஊரிலோ கடும் கோடையிலும் விடியற்காலையில் ஓலைக்கூரை நனைந்திருக்கும் அளவுக்குக் காற்றில் ஈரம் உண்டு. வறட்சி என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, அந்தச் சொல்லை மட்டும் நம்பி மரம் வாங்கியது என் பிழை. அந்தச் சொல்லை மட்டும் சொல்லி விற்றது பண்ணையின் பிழை.

மேட்டில் நின்ற எட்டுக் கன்றுகள் பிழைத்தன. ஆனால் அடுத்த பத்து மாதங்களுக்கு அவை வளரவே இல்லை. சாகவுமில்லை, துளிர்க்கவுமில்லை, ஊசிகள் மஞ்சளோடிய பச்சையிலேயே நின்றன. ஆட்டெரு வைத்தேன், வேப்பம்பிண்ணாக்கு வைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. இதன் காரணத்தைத் தெரிந்துகொண்ட கதைதான் இந்த மூன்று ஆண்டில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம்; விற்பனைக் குறிப்பில் ஒரு வரியாகக்கூட இல்லாத செய்தியும் இதுவே. பைன் மரங்கள் தனியாக வாழ்வதில்லை. அவற்றின் நுண்வேர்களை உறைபோலச் சுற்றி ஒருவகைப் பூஞ்சைகள் வளர்கின்றன. அவை மணலுக்குள் நெடுந்தூரம் இழையோடி மணிச்சத்தையும் நீரையும் கொண்டுவந்து மரத்துக்குக் கொடுத்து, மரம் தயாரிக்கும் சர்க்கரையில் பங்கு பெறுகின்றன. பைன் இயற்கையாக இல்லாத வெப்பமண்டல நாடுகளில் முதன்முதலில் நட்ட கன்றுகள் ஆண்டுக்கணக்கில் இப்படியே மஞ்சளித்து நின்று, பழைய பைன் தோப்புகளின் மண்ணைக் கொண்டுவந்து கலந்த பிறகுதான் வளரத் தொடங்கின என்பது காட்டியல் வரலாற்றில் நன்கு பதிவான செய்தி. இந்தியாவில் பைன் இனங்களின் இயல்பான வாழிடம் இமயமலையும் வடகிழக்கு மலைகளும்தான். தென்னிந்தியாவுக்கு உரிய பைன் என்று ஒன்று கிடையாது, கொடைக்கானலில் நாம் பார்ப்பதும் மனிதர் நட்டதே. ஆகவே பனையும் உடையும் மட்டுமே கண்ட உச்சிப்புளி மணலில் அந்தப் பூஞ்சை இருக்க வழியில்லை.

கொடைக்கானல் பக்கம் சொந்தத் தோட்டமும் அதில் முதிர்ந்த பைன் மரங்களும் வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் கேட்டு, மரத்தடி மேல்மண் கால் மூட்டை வாங்கி வந்தேன். காட்டு மண்ணை அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பதால் தனியார் தோட்டத்தை நாடினேன். யாரும் வனத்துறை நிலத்தில் கை வைக்க வேண்டாம். 2023 ஆடி முடிவில் ஒவ்வொரு கன்றின் வேரடியிலும் இரண்டு கை மண்ணைப் புதைத்து மூடாக்கு இட்டேன். நான்கு மாதம் கழித்து, மழை ஈரத்தில், புதிய துளிர்கள் மெழுகுவர்த்தி போல் நேராக எழுந்தன. ஊசியின் நிறமும் ஆழ்ந்த பச்சைக்கு மாறியது. கன்றோடு ஒரு சிறு பொட்டலம் பூஞ்சை மண் சேர்த்து அனுப்பப் பண்ணைக்கு எவ்வளவு செலவாகிவிடும் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முன்பே அந்த ஆண்டுக் கச்சான் இரண்டைக் கொண்டுபோயிருந்தது. தென்கோடியில் மறைப்பே இல்லாமல் நின்ற அந்த இரண்டும், கடலிலிருந்து வரும் உப்புச் சாரலில் காற்றுப்பக்கத்து ஊசிகள் நுனி கருகி, மறுபக்கம் மட்டும் பச்சையாகச் சில வாரம் நின்று, ஆனிக்குள் காய்ந்துவிட்டன. காற்றைத் தடுக்க நட்ட மரத்துக்கே காற்றிலிருந்து மறைப்பு கட்ட வேண்டியதாயிற்று. மீதி ஆறுக்கும் பனை மட்டையால் தட்டி கட்டிக் கொடுத்தேன்.

மேலும் இரண்டு 2024 கார்த்திகையில் நுனிக் கருகலால் போயின. ஈரக்காற்றில் பரவும் பூஞ்சை நோய் இது. புதிய துளிர் பழுப்பேறி வளைந்து, நோய் மெல்லக் கீழே இறங்கும். பாதித்த கிளைகளை வெட்டி எரித்து, தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளித்தும் அவ்விரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. இன்னொன்றின் நடுக்குருத்தை வேலி தாண்டி வந்த வெள்ளாடு கடித்துவிட்டது. அது மரத்தின் குறையன்று.

எஞ்சிய மூன்றும் எப்படி இருக்கின்றன என்று சொல்லாமல் விட்டால் மரத்துக்கு அநீதி செய்தவனாவேன். மேட்டு உச்சியில், நல்ல வடிகாலில், தட்டி மறைப்பில் நிற்கும் அவை இன்று மூன்றரை முதல் ஐந்தடி உயரம் இருக்கின்றன. இந்த ஆண்டுக் கோடையில், பங்குனி முதல் ஆனி வரை, பத்து நாளுக்கு ஒருமுறை பத்து லிட்டர் தண்ணீர் மட்டுமே விட்டேன். அருகிலிருந்த கொய்யா இலை சுருண்ட நாட்களிலும் இவற்றில் ஓர் ஊசி வாடவில்லை. அந்த அளவில், வறட்சி தாங்கும் என்ற சொல் பொய்யன்று. வெயில் ஏறிய பிறகு அருகில் நின்றால் பிசின் மணம் வருகிறது. எங்கள் கடற்கரையில் வேறு எந்த மரத்திலும் நான் அறியாத மணம் அது. ஆனால் ஆண்டுக்கு மூன்றடி என்ற வாக்குறுதிக்கு நேராக மூன்று ஆண்டில் அதிகம் போனால் நான்கடிதான் வளர்ந்திருக்கின்றன. மூன்றில் ஒன்று பக்கக்கிளையே விடாமல் நரிவால் போல நீண்டு மட்டும் போகிறது. வெப்பமண்டலத்தில் நடப்படும் பைன்களில் காணப்படும் கோளாறுதான் இது. ஓய்வெடுக்கக் குளிர்காலம் இல்லாத ஊரில் நுனி மொட்டு எப்போது உறங்குவது, எப்போது விழிப்பது என்று அந்த மரத்துக்குத் தெரியவில்லை என்றே தோன்றுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பாக, அதே புரட்டாசியில் வடக்கு எல்லையில் சவுக்குக் கன்றுகள் 20 நட்டிருந்தேன். விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பைனின் விலையில் அந்த வரிசை முழுவதையும் முடித்துவிட்டேன். இன்று அவற்றில் 18 இருபதடிக்குக் குறையாமல் நிற்கின்றன. சவுக்கைப் பார்த்துப் பைன் என்று மயங்குபவர்கள் பலர். அமெரிக்காவின் புளோரிடாவில் அதற்கு ஆஸ்திரேலியப் பைன் என்றே பெயர். உண்மையில் அது பூக்கும் தாவரம், பைனுக்கு உறவே அன்று. பைன் ஊசி என்பது முழு இலை. சவுக்கில் ஊசி போலத் தெரிவது கணுக்கணுவாகக் கழற்றக்கூடிய பச்சைக் குச்சி, உண்மையான இலைகள் அந்தக் கணுக்களைச் சுற்றிய சிறு செதில்கள். அந்தக் கணுவைக் கழற்றிப் பொருத்தி, எங்கே ஒடித்தேன் கண்டுபிடி என்று விளையாடாத கடற்கரைப் பிள்ளைகள் குறைவு. சவுக்கின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுப்பதால் வெறும் மணலிலும் அது தளராமல் எழுகிறது. அதுவும் நம் கரைக்கு வெளியிலிருந்து வந்ததே என்றாலும், உப்புக்காற்றிலேயே பிறந்து வளர்ந்த கடற்கரை மரம். ஊசியிலையின் அழகுதான் வேண்டும் என்பவர்களுக்கு அரக்கேரியாவும் உண்டு. நாற்றுப்பண்ணைகளில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரில் விற்கப்படும் நார்போக் தீவு வகை அது. பைன் என்று அழைக்கப்பட்டாலும் பைன் குடும்பத்தைச் சேராதது. பசிபிக் தீவொன்றில் தோன்றியதால் உப்புச்சாரலை நன்கு தாங்கும். முற்றத்தில் ஒற்றை மரமாக நிற்க அது போதும்.

உள்ளூர் மரம் என்று கேட்டால், குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரத்தைத்தான் முதலில் சொல்வேன். எங்கள் மாவட்டத்து வறட்சிக்கும் உவருக்கும் காற்றுக்கும் சேர்த்துப் பழகியது அது. உள்வரிசைக்குப் பூவரசும் புன்னையும் உண்டு. எல்லைக்குப் பனையைவிட நிலையான காவல் இல்லை. வடலியாகி உயர ஆண்டுகள் பல ஆகும் என்பது ஒன்றே அதன் குறை.

விற்பனைக்குப் பிந்தைய சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு கன்றுகள் அழுகியபோது படங்களோடு எழுதினேன். வந்து சேர்ந்த ஏழு நாட்களுக்குள் இறந்தால் மட்டுமே மாற்றுக் கன்று என்ற பதில் மறுநாளே வந்தது. விதி முன்பே எழுதப்பட்டிருந்ததால் அதில் எனக்கு வாதமில்லை. மஞ்சள் நிறத்தைப் பற்றிக் கேட்டபோது கூடுதலாக யூரியா இடச் சொன்னார்கள். பைனின் வேர்ப்பூஞ்சை தழைச்சத்து மிகுந்தால் தளர்ந்துவிடும் என்பதால் அது தவறான ஆலோசனை. நல்ல வேளையாக நான் இடவில்லை. கடலோரத்துக்கு ஏற்றதா என்று மூன்றாம் முறை எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. பொதிக்கும் கன்றின் தரத்துக்கும் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வாங்குபவருக்குத் தரும் தகவலுக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

யார் வாங்கலாம்? கடலிலிருந்து குறைந்தது சில கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் தேங்காத மணல்மேடு அல்லது செம்மண் சரளை உள்ளவர்கள், நான்கைந்து மரம் மட்டும் ஆசைக்கு வைக்க விரும்பினால், வேரடிப் பூஞ்சை மண்ணை முன்பே தேடி வைத்துக்கொண்டு முயலலாம். நடுவதையும் புரட்டாசியில் செய்யாமல், பெருமழை ஓய்ந்த தை மாதத்தில் செய்வது நல்லது என்று இப்போது தோன்றுகிறது; முதல் கோடைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தாலும் முதல் மழைக்காலத்துக்குள் வேர் ஆழம் போயிருக்கும். முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் கரிசலில் இதை நடவே வேண்டாம். மழைக்காலத்தில் அந்த மண் பிடித்து வைக்கும் நீர் இதன் வேருக்கு ஆகாது. ஓலைக்குடிசை, வைக்கோல் போர் அருகிலும் வேண்டாம். உதிர்ந்த ஊசியும் பிசினும் எளிதில் தீப்பற்றும்.

வறட்சியைத் தாங்கும், தானே வளரும் என்ற அதே பாராட்டுகளோடு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேலம் இன்று எங்கள் கண்மாய்களையும் தரிசுகளையும் எப்படி நிரப்பியிருக்கிறது என்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அலெப்போ பைன் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் தானாகப் பரவி இடையூறாகியிருக்கிறது. என் மூன்று மரங்களும் இன்னும் காய் பிடிக்கவில்லை. பிடிக்கும் நாளில் கூம்புகள் விரிவதற்கு முன் பறித்துவிடுவேன். வாங்குபவர்களும் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

காலியான ஒன்பது குழிகளில் பள்ளத்தில் இருந்த நான்கையும் மூடிவிட்டுச் சற்று மேடாக அணைத்துப் பூவரசம் போத்து நட்டிருக்கிறேன். மேட்டிலிருந்த ஐந்திலும், காலு நனைஞ்சு சாகுது என்று சொன்ன அதே பெரியவர் பொறுக்கிக் கொடுத்த பனங்கொட்டைகளை, குழிக்கு இரண்டாகப் போன வாரம் ஊன்றினோம்.